சீனி போடாத பால்

1959ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, என் அம்மா இன்னும் சற்று நேரத்தில் இறந்துவிடுவாள் என்று அத்தை அறிவித்தார். அத்தை மருத்துவர் அல்லர். என் அய்யாவின் அக்கா. ஆனால் எங்கள் உறவில் யாருடைய மரணமும் அதுவரை அவருடைய ஒப்புதல் இல்லாமல் நடந்ததில்லை. மூக்கு நுனி குளிர்ந்துவிட்டது, காது மடல் சுருங்கிவிட்டது, இனித் தாமதிப்பது முறையன்று என்றார். பாம்பன் பாலத்துக்கு இக்கரையில், மண்டபம் ரயில்வே குடியிருப்பில் எங்கள் வரிசை வீடுகள் அனைத்துக்கும் சொல்லி அனுப்பப்பட்டது. பார்சல் ஆபீசில் கருவாட்டுக் கூடைகளுக்கு ரசீது போட்டுக்கொண்டிருந்த அய்யா, காதில் செருகிய பென்சிலோடும் அந்த ஆபீசின் வாடையோடும் ஓடி வந்து கட்டிலருகில் நின்றார்.

உயிர் பிரியும் வேளையில் உறவினர் ஒவ்வொருவராக ஒரு கரண்டி பால் ஊற்றுவது எங்கள் வழக்கம். முதலில் அத்தை ஊற்றினார். அடுத்து அய்யா. மூன்றாவதாகக் கரண்டி என்னிடம் வந்தபோது நான் ஊற்றிய பால் அம்மாவின் கழுத்தில் வழிந்தது. அம்மா கண்ணைத் திறந்தாள். கூடியிருந்தவர்களை ஒரு முறை பார்த்தாள். கடைசியாக என் கையிலிருந்த தம்ளரைப் பார்த்தாள்.

“சீனி போடலியா?” என்று கேட்டாள்.

ஒப்பாரிக்குக் கூந்தலை அவிழ்த்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் அதை மறுபடி முடிந்துகொண்டார். அய்யா அழுதபடியே சிரித்தார். அத்தை மட்டும் இரண்டையும் செய்யவில்லை. தம்முடைய கணிப்பு பொய்த்ததை அவர் அம்மாவின் ஒழுங்கீனமாகவே கருதினார் என்று நினைக்கிறேன்.

அம்மாவின் வயிற்றில் கட்டி வளர்ந்திருந்தது. மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டியதில், வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கேட்டதைக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மதுரையிலேயே ஒரு பெண்கள் கல்லூரியில் நான் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன், பி.ஏ. இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்த அன்றே ரயிலேறி வந்து, அடுப்பையும் அம்மாவையும் பொறுப்பேற்றுக்கொண்டேன். நான் அதிகம் பேசுகிறவள் அல்லள். அம்மா நேர்மாறு. எனவே வேலைப் பங்கீட்டில் சிக்கல் எழவில்லை: செய்வது நான், சொல்வது அவள்.

கட்டிலுக்கடியில் ரோஜாப்பூப் போட்ட எனாமல் பேசின் ஒன்று இருந்தது. அதற்கு அம்மா ‘கலெக்டர்’ என்று பெயரிட்டிருந்தாள். வந்தால் மற்றவர்கள் எழுந்து வெளியே போக வேண்டும் என்பதுதான் காரணம். நலம் விசாரிக்க வந்தவர் இருக்கை சூடாகும் அளவுக்கு உட்கார்ந்துவிட்டால், “ஆத்தா, கலெக்டரக் கூப்பிடு” என்று என்னிடம் சொல்வாள். வந்தவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்ப்பார். நான் குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து எடுப்பேன். பலமுறை கலெக்டருக்கு அங்கே வேலையே இருந்ததில்லை.

முதுகில் புண் வராதிருக்க அவளை அடிக்கடி ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். எலும்பும் தோலுமாகிவிட்ட உடம்பு. எங்கே கை வைத்தாலும் வலிக்கும். ஒவ்வொரு முறையும் நான் தோளுக்கடியில் கையைக் கொடுக்கும்போது, “மெதுவா. பார்சல்ல ‘கண்ணாடி’ன்னு எழுதியிருக்கு பாரு” என்பாள். பார்சல் கிளார்க்கின் மனைவிக்கு அந்த உவமை இயல்பாக வந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நரம்பில் ஓடுகின்றன என்பதை அந்த நாட்களில்தான் அறிந்தேன். அவள் முகத்துக்கு நேராக இரண்டையும் அடக்கிக்கொள்ளவும் பழகினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கலைந்த பிறகு அத்தை தம் முடிவை வெளியிட்டார். போக வேண்டிய உயிர் போகவில்லையென்றால் அது எதிலோ மாட்டிக்கொண்டிருக்கிறது. இதுவும் எங்கள் பக்கத்து நம்பிக்கைதான். நிலத்தின் மேல் ஆசையென்றால் அந்த நிலத்து மண்ணைக் கரைத்து ஊற்றுவார்கள். நகையென்றால் பொன்னை உரசிப் பாலில் கலந்து கொடுப்பார்கள். தின்பண்டமென்றால் அதைச் செய்து நாக்கில் வைப்பார்கள். ஆசை கரைந்து உள்ளே போனதும் உயிர் பிடியை விட்டுவிடும்.

இத்தனை இருக்க, அத்தை கண்டுபிடித்த ஆசை நான். கல்யாணமாகாத குமரு வீட்டிலிருக்கும்போது தாய்க்கு எப்படி உயிர் போகும் என்று கேட்டார். மாப்பிள்ளை தயாராக இருந்தார்: அத்தையின் மகன், கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை, விடுமுறையில் வந்திருக்கிறார், மாதக் கடைசியில் தனுஷ்கோடியில் கப்பலேற வேண்டும். அதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவின் கட்டிலுக்கு முன்னால் தாலி கட்டிவிட்டால் அவள் கண்குளிரப் பார்த்துவிட்டுப் போவாள். நானும் கொழும்புக்குப் போய்விடுவேன். என் மூன்றாம் ஆண்டைப் பற்றி அய்யா மெல்லிய குரலில் ஏதோ தொடங்கினார். படித்தவரைக்கும் போதும், கொழும்பில் புடவை கிழிக்க பி.ஏ. எதற்கு என்று அத்தை முடித்தார். அய்யா காதிலிருந்த பென்சிலை எடுத்து அதன் முனையைப் பார்த்தார். மறுப்பது அவருக்கு வராத கலை.

அத்தான் கெட்டவர் அல்லர். யாரைப் பார்த்தாலும் எத்தனை கஜம் ஆகும் என்று கணக்கிடுவதுபோல் பார்ப்பார், அவ்வளவுதான். என்னைப் பார்க்கும்போது அந்தக் கணக்கும் அவருக்குத் தடுமாறியது. எனக்கென்று ஒரு டப்பா சிலோன் பவுடர் கொண்டுவந்திருந்தார். அது அம்மாவின் முதுகுக்கு மிகவும் பயன்பட்டது.

அம்மா படுத்தபடியே சொன்னாள்: “மதினி, எனக்கு ஆசை ஒண்ணுதான். அவ பி.ஏ. முடிக்கட்டும்.”

“காச்சல்ல ஒளறுற. ஆசைன்னா மண்ணு, பொன்னு, சோறு. படிப்பையா கரைச்சு வாயில ஊத்த முடியும்?” என்றார் அத்தை.

அன்று மாலை முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தபோது, சுவரைப் பார்த்தபடி அம்மா என்னிடம் தன் திட்டத்தைக் கூறினாள். அத்தைக்குச் சொன்னால் புரியாது, கரைத்தால்தான் புரியும்; எனவே கரைக்கக்கூடிய ஆசைகளாக வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகலாம்; ஒவ்வோர் ஆசைக்கும் இரண்டு மூன்று நாள் ஓடிவிடும்; அதற்குள் கப்பல் வந்துவிடும். “மாப்பிள்ளை பவுடரு நல்லா மணக்குது. எனக்குப் போதும், ஒனக்கு வேணாம்” என்றாள்.

முதல் ஆசையாகச் சுறாப்புட்டு கேட்டாள். அத்தை வேறு யாரையும் அடுப்பருகில் விடாமல், தாமே சுறாவை அவித்து உதிர்த்து, பூண்டும் மிளகும் தட்டிப்போட்டுச் செய்தார். வரிசை வீடுகள் முழுவதும் மணந்தது. அம்மாவால் இரண்டு விரல் நுனி அளவுதான் விழுங்க முடிந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

“உப்புக் கூடிருச்சு” என்றாள் அம்மா.

அத்தை அதை மன்னிக்கவேயில்லை. பின்னர் வந்த ஒவ்வொருவரிடமும் புட்டில் ஒரு பிட்டு எடுத்துக் கொடுத்து, உப்புச் சரியாக இருக்கிறது என்று வாக்குமூலம் வாங்கினார்.

அடுத்தது பொன். அம்மாவின் நகைகள் என் கல்லூரிக் கட்டணமாக உருமாறிவிட்டிருந்ததால் அத்தை தம் சங்கிலியையே கழற்றிச் சந்தனக்கல்லில் உரசினார். அம்மா அதையும் குடித்துவிட்டு நன்றாகத் தூங்கினாள். எழுந்ததும், பசி எடுப்பதுபோல் இருக்கிறது என்றாள். அத்தை சங்கிலியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

மூன்றாவதாக, அம்மா பிறந்த ஊர் மண். அம்மாவின் ஊர் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்ப் பாசனத்தில் இருந்தது. அத்தான் ஒரு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். போய் மறுநாள் வந்தார். மண்ணைக் கரைத்து, துணியில் வடிகட்டி, நான் ஒரு கரண்டி ஊற்றினேன். அம்மா அதை வாயில் வைத்துக்கொண்டு, நல்லெண்ணெய் வாங்குகிறவள்போலச் சற்று யோசித்தாள்.

“தவிட்டு வாடை வருது” என்றாள்.

அத்தான் தலையைச் சொறிந்தார். அம்மாவின் அண்ணன் தங்கள் வயலை எப்போதோ விற்றுவிட்டார் என்றும், வாங்கியவர் அங்கே அரிசி மில் கட்டியிருக்கிறார் என்றும், மில் வாசலில்தான் மண் அள்ள முடிந்தது என்றும் ஒப்புக்கொண்டார். அம்மாவின் நாக்கு பற்றிய செய்தி குடியிருப்பு முழுவதும் பரவியது. அடுத்த வீட்டுக்காரர் தம் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து, உப்பு ஏறியிருக்கிறதா என்று கேட்டுப்போனார்.

இந்த நாட்களில் பிற்பகல்களில் என் பாடங்களை அவளுக்குப் படித்துக் காட்டுவேன். பழைய பாடல்களில் தலைவன் பிரிந்து போக, தலைவி மெலிந்து, கைவளை கழன்று விழும் இடங்கள் அவளுக்கு மிகவும் பிடித்தன. தன் கையைத் தூக்கிக் காட்டுவாள். மணிக்கட்டில் இருந்த வளையல் தானாக முழங்கைக்கு வழுக்கிப் போகும்.

“ஒங்க பாட்டுல உள்ளவளுக்குப் புருசன் ஊரைவிட்டுப் போனாரு. என் புருசன் எங்க போனாரு, பார்சல் ஆபீசுக்கு. அதுக்கே இந்தப் பாடு” என்றாள்.

வளையல் கழன்று விழாதிருக்க நான் அதில் நூல் சுற்றினேன். இப்படி ஒரு செய்கை எந்தப் பாட்டிலாவது வருகிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். தோழி என்று ஒருத்தி கூடவே இருந்தும் ஒரு நூல் சுற்றத் தெரியவில்லையே என்று வருத்தப்பட்டாள்.

எங்கள் திட்டத்தில் ஒரு பிழை இருந்தது. நாங்கள் இருவருமே அதைக் காணவில்லை, அத்தை கண்டார். சோறு கொடுத்தாயிற்று, போகவில்லை. பொன் கொடுத்தாயிற்று. மண்ணும் கொடுத்தாயிற்று. அப்படியானால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். நாங்கள் கேட்டுப் பெற்ற ஒவ்வோர் ஆசையும் கல்யாணத்துக்கு எதிரான ஒரு வாதத்தை அடித்துக்கொண்டே வந்திருந்தது. வரும் வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம் என்று அத்தை உறுதி செய்தார். மஞ்சள் கயிறு வந்தது. ரயில்வே சங்கத்திலிருந்து இரண்டு பெஞ்சு கேட்டு அய்யாவை அனுப்பினார். அய்யா போய்க் கேட்டும் வந்தார்.

அன்று நான் அம்மாவின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இந்த விளையாட்டை நிறுத்திவிடலாம், நான் கட்டிக்கொள்கிறேன், அவள் நிம்மதியாக இருந்தால் போதும் என்றேன். இவ்வளவு நீளமாக நான் பேசியது அவளுக்கே வியப்பாக இருந்திருக்க வேண்டும்.

“சம்மதத்துல சொல்றியா, பயத்துல சொல்றியா?”

“பயத்துலதான்.”

“அப்ப சரி. துடை” என்றாள்.

புதன்கிழமை காலை ஊசி போட வந்த கம்பவுண்டர், வாசலில் அய்யாவைத் தனியே அழைத்து, இனி இரண்டொரு நாள்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தணித்துச் சொன்னதாக நினைத்தது அம்மாவின் காதில் தெளிவாகவே விழுந்தது. உடனே எல்லோரையும் கூப்பிடச் சொன்னாள். அத்தை, அய்யா, அத்தான் மூவரும் கட்டிலருகில் வந்து நின்றார்கள். பேச்சு அப்போதே அவளுக்கு இழுத்து இழுத்துத்தான் வந்தது.

“மதினி, நீங்க சொன்னது சரிதான். உசுரு ஒண்ணுல மாட்டிக்கிட்டுத்தான் கெடக்கு. எதுலன்னு இப்பத்தான் தெரிஞ்சுச்சு. மதுரையில இவ படிக்கிற காலேஜுலதான் இருக்கு. அந்த மண்ணைக் கொண்டாந்து கரைச்சு ஊத்துங்க.”

அத்தை வாயைத் திறந்தார். அம்மா கையை உயர்த்தினாள். வளையல் நூலோடு சேர்ந்து முழங்கைக்குப் போயிற்று.

“போகலேன்னா வெள்ளிக்கிழமை தாலியக் கட்டுங்க. ஏன்னு கேக்க மாட்டேன். ஆனா போயிட்டேன்னா, நான் அங்கனதான் இருப்பேன். இவ படிப்ப முடிக்காம இவளக் கொழும்புக்குக் கூட்டிப் போனா, நான் யாரப் பாத்து அங்கன உக்காந்திருக்க? இங்கனதான் வரணும். ஒங்க வீட்டுக்குத்தான் வரணும்.”

அத்தை அதைத் தம் விதியோடு ஒத்துப் பார்த்தார். ஆசை மண்ணாக வந்துவிட்டது, கரைக்க முடியும், தாமே வகுத்த விதி. மறுக்க வழி இருக்கவில்லை. மகனிடம் டிபன் டப்பாவை நீட்டினார்.

எனக்குத்தான் என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. அந்த மண் பலித்தால் என் படிப்பு. பலிக்காவிட்டால் அம்மா. இலக்கணத்தில் இரண்டு பொருள் தரும் வாக்கியத்தைப் பிரித்து எழுதக் கற்றிருந்தேன். இதைப் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. நான் எதுவும் வேண்டாமல் கலெக்டரைக் கழுவி வைத்தேன்.

அத்தான் வியாழக்கிழமை மாலை திரும்பினார். டப்பாவைத் திறந்தேன். என் கல்லூரி மண் செம்மண். மழை நாளில் சேலையின் கீழ்க்கரை சிவந்துபோகும், எத்தனை துவைத்தாலும் போகாது. டப்பாவில் இருந்தது கறுப்பாக, நறநறவென்று இருந்தது. நான் அத்தானைப் பார்த்தேன். அவர் தம் செருப்பைப் பார்த்தார். அத்தை அவசரப்படுத்தினார். கரைத்து, இரண்டு முறை வடிகட்டி, தம்ளரைக் கொண்டுபோனேன். கட்டிலருகில் குனிந்தபோது அதிலிருந்து கிளம்பிய வாடை எனக்கே தெரிந்தது. எஞ்சின் கரி.

ஒரு கரண்டி ஊற்றினேன். அம்மா அதை வாயில் வைத்துக்கொண்டாள். தவிட்டு வாடையை நினைவில் வைத்திருந்த எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். கல்யாணமான நாள் முதல் ரயில்வே வீட்டில் குடியிருந்து, கொடியில் காயும் ஒவ்வொரு துணியிலும் கரித்தூளைத் தட்டி மடித்தவள் அவள். அவளை ஏமாற்ற அந்த வாடையால் முடியாது. அவள் அத்தானைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். விழுங்கினாள்.

“செம்மண்ணு” என்றாள். “காலேஜு மண்ணேதான்.”

அத்தை பெருமூச்சு விட்டார். எல்லோரும் சற்று விலகி நின்றதும் நான் அவள் வாயோரத்தைத் துடைத்தேன். என் காதுக்கு மட்டும் எட்டும்படி, “எல்லாத்தையும் சப்புன்னே குடுக்குற. அடுத்த தடவை சீனி போடு” என்றாள்.

வெள்ளிக்கிழமை பொழுது விடிந்ததும் பாம்பன் பாலத்துக்குப் போகும் ரயில் எங்கள் வீட்டுப் பின்புறமாகக் கடந்தது. பாத்திரங்கள் வழக்கம்போல் அதிர்ந்தன. அத்தை குளிக்கப் போயிருந்தார். அம்மாவை இடப்பக்கம் ஒருக்களிக்க வேண்டிய நேரம்; தோளுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கினேன். வழக்கத்தைவிடச் சற்று அவசரமாகவே தூக்கிவிட்டேன். அவள் ‘கண்ணாடி’ என்று சொல்லவில்லை. காத்திருந்தேன். சொல்லவில்லை. அதனால்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் உறவில் அத்தையின் ஒப்புதல் இல்லாமல் நடந்த முதல் மரணம் அது. ஈரத் தலையோடு ஓடி வந்தவர் மூக்கு நுனியைத் தொட்டார், காது மடலைத் தொட்டார். தரையில் உட்கார்ந்து, அதுவரை நான் கேட்டிராத ஒரு குரலில் அழுதார். பிறகு, வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: “காலேஜுலதான் உசுரு இருந்திருக்கு. புட்டுல போகல, பொன்னுல போகல. அந்த மண்ணு ஒரு மடக்கு உள்ள போச்சு, போயிட்டா.” முகூர்த்தத்துக்கு வந்த பெஞ்சுகளில் துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அத்தான் என்னைக் கொல்லையில் கண்டு, தாழ்ந்த குரலில் நடந்ததைச் சொன்னார். பெண்கள் கல்லூரி வாசலில் நின்று மண் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். காவல்காரர் கம்பை எடுத்திருக்கிறார். ஓடிய ஓட்டத்தில் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டு, சிக்னல் கம்பத்தடியில் அள்ளியிருக்கிறார். “அம்மாகிட்டச் சொல்லிரவா?” என்று தம் தாயைக் குறித்துக் கேட்டார். என் அம்மா செம்மண் என்று சொல்லிவிட்டாள், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்றேன். அவர் சற்று யோசித்து, அது தப்பான மண்ணாக இருந்தால் உயிர் போயிருக்காதே என்றார். நான் மறுக்கவில்லை.

மாலையில் எல்லாம் முடிந்து ஆண்கள் குளித்துவிட்டு வந்த பிறகு, அத்தை அய்யாவைக் கேட்டார்: “தம்பி, காலேஜு என்னைக்குத் தொறக்குது? கருமாதி முடியட்டும், இவள நானே கொண்டுபோய் விட்டுட்டு வாரேன். எனக்கும் அங்கன ஒரு வேலை இருக்கு. அந்தப் புட்டுல எங்க உப்புக் கூடுச்சுன்னு அவகிட்ட நேர்ல கேக்கணும்.”

அய்யா, துக்கம் தொடங்கியதிலிருந்து முதல் முறையாக, கல்லூரி திறக்கும் தேதியைத் தயங்காமல் சொன்னார். அது அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை, கடற்கரைச் சுடுகாட்டில் சாம்பல் மேல் பால் தெளிக்க ஆண்கள் புறப்பட்டார்கள். எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாதாகையால் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு செம்பு பச்சைப்பால் கொண்டுவந்து வைத்திருந்தார். நான் மாடத்திலிருந்து சீனி டப்பாவை எடுத்து, இரண்டு கரண்டி போட்டு, அடியில் நறநறப்பு அடங்கும்வரை கலக்கினேன். கரண்டியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். இறந்தவருக்கு வைத்த பாலைச் சுவைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். போதவில்லை. இன்னும் ஒரு கரண்டி போட்டுக் கலக்கி, செம்பை அய்யாவின் கையில் கொடுத்தேன்.